புல்வெளியில் இரண்டு பேருக்கு ஒரு மேசை

குவைத்திலிருந்து லீவில் வந்த என் தோழி, பெட்டியைக் கூடச் சரியாகப் பிரிக்காமல் பதுளைக்கு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் முதலில் சொன்னது இதுதான்.

"எனக்கு ஊர் சுத்திப் பார்க்கணும்டி."

"எந்த ஊரு?"

"நம்ம ஊருதான். நான் வேலை செய்யிற வீட்டுப் பிள்ளைங்க போன்ல நம்ம மலை, அருவி எல்லாத்தையும் பார்த்து வச்சிருக்குங்க. இங்க போயிருக்கியா, அங்க போயிருக்கியான்னு கேக்குதுங்க. எல்லாத்துக்கும் போயிருக்கேன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நானும் போனதில்லை. நாங்கள் இருவரும் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில், அடுத்தடுத்த லய வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் எப்படியோ படித்து ஆசிரியர் நியமனம் வாங்கி, ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் சேர்ந்து, பதுளையில் வாழ்க்கைப்பட்டேன். அவள் சாதாரண தரப் பரீட்சையோடு நின்று, முதலில் கொழும்பில் ஒரு வீட்டுக்கும் பிறகு குவைத்தில் ஒரு வீட்டுக்கும் வேலைக்குப் போனாள். உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற மலைகளுக்கு நடுவில் வளர்ந்த நாங்கள், கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் பஸ் ஏறியிருக்கிறோம். சும்மா பார்ப்பதற்காக எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போனதில்லை.

"சரி, எங்க போகணும்னு சொல்லு" என்றேன்.

அருவி என்றாள். மலை விளிம்பு என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "பங்களாவுக்கும்" என்றாள்.

எந்தப் பங்களா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்து தொரை பங்களாவில்தான் அவளுடைய அம்மா குசினியில் சமையல் வேலை செய்தார். பள்ளிக்கூடம் விட்டு அவள் அம்மாவைத் தேடிப் போகும்போது, முன்பக்கத்துப் புல்லில் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் ஓடும் கான் ஓரமாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துக்குப் போக வேண்டும். அங்கே பின் விறாந்தையில் அம்மா அவளுக்குப் பாணின் ஓரத்துண்டுகளும், தொரை வீட்டார் தின்று மிச்சம் வைத்த புடிங்கும் கொடுப்பார். சில நாள் எனக்கும் ஒரு துண்டு வரும். இப்போது அந்தப் பங்களா ஒரு ஹோட்டல். வெள்ளை அடித்து, புல் வெட்டி, புல்லின் மேல் குடை விரித்த மேசைகள் போட்டு, பின்னேரத்தில் தேநீரும் கேக்கும் கொடுக்கிறார்கள். அந்தப் படங்களை அவள் குவைத்தில் இருந்தே பார்த்து வைத்திருந்தாள்.

"அந்தப் புல்லுல உட்கார்ந்து ஒரு டீ குடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அங்க எதுக்குப் போற, நாய் கடிக்கும்னு சொல்லுது."

அம்மா இப்போது வத்தளையில் மகனோடு இருக்கிறார். அந்தப் புல்வெளி என்றால் அவருக்கு இன்னமும் தொரையின் நாய்கள்தான் ஞாபகம்.

நானே ஹோட்டலுக்கு போன் செய்து ஆங்கிலத்தில் பேசினேன். பிள்ளைகளுக்குப் படிப்பித்துப் படிப்பித்து என் ஆங்கிலம் நல்ல சுத்தமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேர் வருகிறோம் என்றேன். "நிச்சயமாக மேடம். புல்வெளியில் இரண்டு பேருக்கு ஒரு மேசை" என்றது அந்தப் பக்கத்துக் குரல். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, நன்றியும் சொன்னது.

ஞாயிறு காலை பதுளை பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இரவு என் வீட்டில் சீத்தைச் சட்டையோடு படுத்திருந்தவள், எனக்கு முன்னால் கிளம்பி வந்து, அரக்கு நிறச் சுரிதாரும் வெள்ளைச் சப்பாத்தும் காதில் புதுத் தோடுமாக நின்றாள். ஜன்னலோர இடம் பிடித்து, ஹாலிஎல தாண்டும் முன்பே ஜன்னலைத் திறந்துவிட்டாள். முன் சீட்டில் இருந்த ஆள் குளிருது என்று திரும்பிப் பார்த்தார். அவள் மூடவில்லை. பண்டாரவளை வரை வாய் மூடாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

ஹப்புத்தளையில் இறங்கி ரொட்டி சாப்பிட்டோம். நாள் முழுக்க வருவதற்கு ஓர் ஆட்டோ பேசினோம். ஓட்டுநர் அதிகம் பேசாத மனிதர்; பழைய பாட்டு ஒன்றைச் சத்தம் குறைத்து வைத்துக்கொண்டு ஓட்டினார்.

முதலில் கொஸ்லந்தைக்கு அப்பால் இருக்கும் அருவி. அந்த ரோட்டில் கதிர்காமம் போகிற பஸ்ஸில் நாங்கள் சின்ன வயதில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். எல்லாத் தடவையும் தூங்கிக்கொண்டு. இப்போதுதான் நின்று அண்ணாந்து பார்த்தோம். தண்ணீர் மேலே இருந்து விழுந்து பாதியிலேயே காற்றில் பிரிந்து, கீழே வரும்போது புகையாகிவிடுகிறது. அவள் சாரல் விழும் இடம் வரை போய் நின்றாள். முகமெல்லாம் ஈரம். பிறகு பாறைக்குப் பாறை தாவி, என்னைப் பிடித்து நிற்க வைத்து, குனிந்து, நிமிர்ந்து, படமாக எடுத்துத் தள்ளினாள். அவித்த சோளம் வாங்கி உப்பு மிளகாய்த்தூள் போட்டுத் தின்றோம். அந்த ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. அந்த நாளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்லப் பார்க்கிறேன். ஆனால் வாயைத் திறந்தால் மற்றதுதான் முதலில் வருகிறது.

திரும்பி வரும் வழியில் ஒரு வளைவில் கார் ஒன்று ரோட்டை அடைத்தபடி நின்றது. கொழும்புக்கார ஆணும் பெண்ணும், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அந்த ஆள் கையில் திரை வைத்த ஒரு ரிமோட் பெட்டி. மேலே அவன் விட்ட ட்ரோன் உறுமிக்கொண்டு பறந்தது. கீழே மலையில் எங்கள் பெண்கள், அன்றே காசு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசு வேலைக்கு வந்தவர்கள், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ட்ரோன் அவர்கள் தலைக்கு மேல் தாழ்ந்து தாழ்ந்து போனது. பெண்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள். காரோடு வந்தவள் பதிலுக்குக் கையை ஆட்டிச் சிரித்தாள்.

எங்களுக்கு அவர்கள் கத்தியது காதில் விழுந்தது. "மரத்துல குளவி இருக்கு, அதத் தூக்குங்க."

தேயிலை மலையில் குளவி என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கலைந்தால் துரத்தித் துரத்திக் கொட்டும். அந்தச் சரிவில் ஓட முடியாது. எங்கள் சின்ன வயதில் பக்கத்து லயத்து அக்கா ஒருவரைச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்ததை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். முகம் யாருடையது என்றே தெரியவில்லை.

நான் இறங்கிப் போய்ச் சிங்களத்தில் சொன்னேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி. அவங்க ஒண்ணும் சொல்லலையே. சந்தோஷமாத்தான் கை காட்டுறாங்க."

"கை காட்டல. குளவி கலையும்னு கத்துறாங்க. கொட்டினா செத்துப் போவாங்க."

"அப்படின்னா ஒரு போர்டு வச்சிருக்கணும்" என்றான், ஆங்கிலத்தில்.

நான் அவன் முன்னால் போய் நின்றேன். மூக்குக்கு மூக்கு நிற்கிற தூரம். இப்போது இறக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிவேன் என்று அவனுடைய ஆங்கிலத்திலேயே சொன்னேன். சொன்னது மட்டுமில்லை, கையும் நீண்டுவிட்டது. அவன் பின்வாங்கி, ட்ரோனை இறக்கி, என்னைப் பைத்தியம் என்று அவளிடம் முணுமுணுத்தபடி காரில் ஏறினான். கீழே மலையில் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி கை தட்டினாள்.

ஆட்டோவில் ஏறியதும் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டடி. ஆனா பங்களாவுல வாயத் திறக்காத. சரியா?"

சரி என்றேன்.

பங்களா வாசலில் பழுப்பு உடுப்புப் போட்ட காவல்காரர் கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தினார். எங்களை ஒரு தடவை பார்த்தார். வேலைக்கு வந்தவர்கள் கீழ் ரோட்டால் போக வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். தோழி குனிந்து தன் சுரிதாரைப் பார்த்துக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மேசைக்குச் சொல்லியிருக்கிறோம் என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னேன். அவர் நம்பாமல் உள்ளே பேசிவிட்டு, ஆட்டோ வெளியே நிற்க வேண்டும், நீங்கள் நடந்து போங்கள் என்றார்.

நடந்தோம். அவள் கான் ஓரமாக நடக்கத் தொடங்கி, சட்டென்று நின்று, நடுப்பாதைக்கு வந்தாள். நான் அதைக் கவனித்தது அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

விறாந்தையில் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்து, உள்ளே பல்ப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் வேகமாக இறங்கி வந்தான். என்னைவிட இளையவன். கையில் போனைப் பார்த்தபடியே, "பெயர்?" என்றான். சொன்னேன். திரும்பவும் போனைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.

"மேடம், ஒரு தவறு நடந்துவிட்டது. புல்வெளி இன்று நிரம்பிவிட்டது."

புல்வெளியில் ஐந்தாறு மேசைகள் இருந்தன. ஒன்றில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். மற்றதெல்லாம் காலி. நான் காலி மேசைகளைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"அவை தங்கியிருக்கும் விருந்தினர்களுக்கு."

"அப்போ என் பேரை எதுக்கு எழுதினீங்க?"

"இல்லை மேடம், போனில் பேசும்போது நான் நினைத்தேன், நீங்கள்..."

அங்கே நிறுத்திவிட்டான். நான் காத்திருந்தேன். என்ன நினைத்தாய், சொல் என்றேன். அவன் கண் என் செருப்புக்குப் போய்த் திரும்பியது. என் உச்சந்தலை வரை சூடு ஏறியது. வாயைத் திறக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கு அங்கேயே போனது. நான் என்ன பேசினேன் என்று வரிசையாகச் சொல்ல எனக்கு முடியாது. தமிழில் ஆரம்பித்து, சிங்களத்துக்குப் போய், ஆங்கிலத்தில் நின்றேன். இந்தப் புல்லை வெட்டியது யாருடைய அப்பா என்று கேட்டேன். இந்த வீட்டுக்கு விறகு சுமந்தது யார் என்று கேட்டேன். நீங்கள் விற்கிற தேநீர் எந்த மலையில் விளைகிறது, அதைக் கிள்ளியது யாருடைய விரல் என்று கேட்டேன். வெள்ளைக்காரத் தம்பதி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

என் சத்தத்தைக் கேட்டு உள்ளேயிருந்து மேனேஜர் வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. அந்த மெதுவான பேச்சு எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

"கோபப்பட வேண்டாம். பின் விறாந்தையில் உங்களுக்கு நல்ல இடம் போட்டுத் தருகிறேன். அங்கே அமைதியாகவும் இருக்கும்" என்றார் சிங்களத்தில்.

திரும்பிப் பார்த்தால் தோழி அங்கே இல்லை. நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தன்பாட்டுக்குப் புல்லில் இறங்கி, விளிம்போரம் இருந்த மேசையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தாள். வெறும் கால் புல்லில் இருந்தது.

மேனேஜர் அவளிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் பின் விறாந்தையைப் பற்றித் திரும்பச் சொன்னார்.

"எனக்கு அந்த விறாந்தை தெரியும்" என்றாள் அவள், நல்ல சிங்களத்தில். "அங்க உட்கார்ந்து நான் நிறைய சாப்பிட்டிருக்கேன். இன்னைக்கு இங்கதான் உட்காருவேன். ரெண்டு டீயும் கேக்கும் கொண்டுவரச் சொல்லுங்க."

அவர் வெள்ளைக்காரர்கள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். எங்களுக்காக இல்லை, அவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகத்தான் தலையை ஆட்டிவிட்டுப் போனார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"உட்காரு" என்றாள் தோழி.

"எந்திரி, போவோம். இவனுங்க டீ நமக்கு வேணாம்."

"எனக்கு வேணும். உட்காரு."

உட்கார்ந்தேன். கீழே மேகம் கலைந்து தெற்குச் சமவெளி தெரிந்தது. தூரத்தில் குளம் ஒன்று கண்ணாடித் துண்டு மாதிரி மின்னியது. நாங்கள் பிறந்த லயங்களின் தகரக் கூரைகள் இங்கிருந்து தெரியாதபடி வேலியோரம் உயரமாகச் செடி வளர்த்திருந்தார்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேநீர் வந்தது. கொண்டுவந்த ஆள் வைத்துவிட்டுப் போனான். வெள்ளைக்காரர்கள் மேசையில் பூப்போட்ட பீங்கான் கோப்பையும் தட்டும். எங்களுக்கு வந்தது தடித்த மக். நான் அதைக் காட்டி எழுந்தேன். அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"டீ சூடா இருக்கா? குடி."

அந்த நேரத்தில்தான் செடி மறைவிலிருந்து இரண்டு பெண்கள் புல்லுக்கு வந்தார்கள். பளபளக்கும் சிவப்புச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, மூக்கில் ஒட்டவைத்த மூக்குத்தி. முதுகில் புத்தம் புதுக் கூடை. எங்கள் தோட்டத்தில் இப்போது கூடை யாரிடமும் இல்லை. எல்லோரும் நைலோன் பைதான் கட்டுகிறார்கள். வெள்ளைக்காரம்மா எழுந்து போய் அவர்களுக்கு நடுவில் நின்றார். வெள்ளைச் சட்டைக்காரன் படம் எடுத்தான். பெண்கள் இருவரும் இரண்டு விரலால் கொழுந்து கிள்ளுவது மாதிரி புல்லோரத்து அலங்காரச் செடியில் கிள்ளிக் காட்டினார்கள். அது தேயிலைகூட இல்லை.

"பாரு, நம்ம ஆளுங்களுக்கு வேஷம் கட்டி நிக்க வைக்கிறானுங்க. வெக்கம் கெட்ட பொழப்பு" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

அந்த இருவரில் ஒருத்தி திரும்பினாள். பொட்டுக்கும் மூக்குத்திக்கும் அடியில் எனக்குத் தெரிந்த முகம். எங்கள் வகுப்பில் எங்களுக்குப் பின் பெஞ்சில் இருந்தவள். ஓட்டப் போட்டி என்றால் அவளை முந்த முடியாது. நாங்கள் இருவரும் தோட்டத்தை விட்டுப் போனோம், அவள் அங்கேயே கொழுந்தெடுக்கப் போனாள். எங்களைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. எங்களை அவள் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரம்மா எங்கள் மேசைக்கும் வந்தார். சிரித்துக்கொண்டே தோழியிடம், நீயும் வந்து நில், எல்லோரும் சேர்ந்து ஒரு படம் என்று கையால் கூப்பிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. எங்களையும் அந்த நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்.

தோழி நிமிர்ந்து பார்த்து, குவைத்தில் கற்ற ஆங்கிலத்தில், "நோ மேடம். ஐ ஆம் கஸ்டமர்" என்றாள்.

அந்த அம்மா முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டு, வேகமாகத் தன் மேசைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கணவரோடு எழுந்து உள்ளேயும் போய்விட்டார். பார்க்க ஆள் இல்லாததால் வேஷம் கட்டிய பெண்கள் கூடையை இறக்கினார்கள். தோழி எங்கள் வகுப்புக்காரியைக் கூப்பிட்டாள்.

"வா புள்ள, வந்து உட்காரு. கேக் இருக்கு."

அவள் வந்தாள். ஆனால் உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, விறாந்தைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பேசினாள்.

"உட்கார முடியாது. பார்த்தா நாளைக்குக் கூப்பிட மாட்டானுங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "வெக்கம் கெட்ட பொழப்புதான் டீச்சர். ஆனா இங்க கொஞ்ச நேரம் நின்னா, மலையில நாள் முழுக்க எடுக்குறது கிடைக்குது. அட்டை கடிக்கல. முட்டி நோகல. மழையில நனையல."

"நான் உன்னைச் சொல்லல. இவனுங்களத்தான் சொன்னேன்."

"தெரியும். நீ நல்லாக் கேட்ட, உள்ள குசினி வரைக்கும் கேட்டுச்சு. ஆனா நீ கத்திட்டுப் போயிருவ. நான் நாளைக்கும் வரணும்."

தோழி தட்டில் இருந்த கேக்கைக் கடதாசியில் சுற்றி அவள் கையில் கொடுத்தாள். அவள் அதைக் கூடைக்குள் போட்டாள். கூடைக்குள் மேலே மட்டும்தான் கொழுந்து. அடியில் பழைய பேப்பரைக் கசக்கி நிரப்பியிருந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் படியில் தெரிந்ததும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு செடிக்குப் பின்னால் போய்விட்டாள்.

தோழி போவதற்கு முன் ஒரு காரியம் செய்தாள். குசினியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். மேனேஜரே கூட்டிப் போனார். எங்களைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்று இருந்திருக்கும். அவள் அம்மா சமைத்த இடம் இப்போது வாசனைச் சோப்பும் தேயிலைப் பெட்டியும் விற்கிற கடை. அம்மா மத்தியானத்தில் சாய்ந்து கிடக்கிற சின்ன அறை, டிரைவர்மாருக்கான கழிப்பறை. அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூடிவிட்டு வந்தாள். பில்லுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வாசல் வரை என் பக்கம் திரும்பாமல் நடந்தாள்.

ஹப்புத்தளை பஸ் நிலையத்தில் ஆட்டோவை அனுப்பிய பிறகுதான் வெடித்தாள்.

"உன்ன வாயத் திறக்காதன்னு சொன்னேன்ல."

"நான் கத்தலன்னா உனக்கு டீ வந்திருக்குமா?"

"நான் போய் உட்கார்ந்துட்டேன்ல. தூக்கி வெளிய போட்டிருப்பானா? போடட்டும். அது என் சண்டை. என் அம்மா வேலை செஞ்ச வீடு அது. குவைத்துல நான் ஒரு நாளைக்கு எத்தனைய விழுங்குறேன்னு உனக்குத் தெரியுமா? அத்தனையும் விழுங்கிட்டு, ஒரே ஒரு நாள் நானும் ஒரு மேசையில உட்காரணும்னு வந்தேன். நீ அதையும் பஞ்சாயத்தாக்கிட்ட. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. எனக்கு யாரும் என்னைப் பார்க்காம ஒரு டீ குடிக்கணும்டி. அவ்வளவுதான்."

"பார்க்காம இருக்க விட்டிருப்பானுங்களா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பக்கம் நடந்தாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அவளுக்காகத்தானே கத்தினேன் என்று இருந்தது. அவளுக்காக மட்டும் கத்தவில்லை என்பதும் தெரிந்திருந்தது. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் பண்டாரவளை வரை நின்றுகொண்டே வந்தோம். ஹாலிஎல வரும்போது அவள் கடலைச் சுருள் ஒன்றை என் பக்கம் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. லீவு முடிந்து அவள் திரும்பிப் போனபோது, அருவிப் படங்களை எல்லாம் எனக்கு அனுப்பிவிட்டுத்தான் போனாள். பங்களாவில் அவள் ஒரு படமும் எடுத்திருக்கவில்லை.

ஆனால் என்னால் விட முடியவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட அந்த வெள்ளைச் சட்டைக்காரனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்கள் வாயில் வந்து நின்றன. கடைசியில் ஒருநாள் உட்கார்ந்து, ஹோட்டல்களைப் பற்றி ஆட்கள் கருத்து எழுதுகிற இடத்தில், நடந்ததை முழுவதும் ஆங்கிலத்தில் எழுதினேன். காலி மேசைகளை எழுதினேன். மக்கை எழுதினேன். சிவப்புச் சேலையையும் அடியில் பேப்பர் நிரப்பிய கூடையையும் எழுதினேன். இரண்டு நாளில் பதில் போட்டார்கள். உங்கள் அனுபவம் திருப்தியாக அமையாததற்கு வருந்துகிறோம், மீண்டும் உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம் என்று. வாசித்துவிட்டு போனை மேசையில் வீசினேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வகுப்புக்காரி என்னைக் கூப்பிட்டாள். யாரிடமோ என் நம்பரை வாங்கியிருந்தாள்.

"டீச்சர், நீ ஏதோ இன்டர்நெட்ல போட்டியாம். கூடைக்குள்ள பேப்பர் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்னு மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்டாரு. அன்னைக்கு வந்தவங்களத் தெரியுமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன். அவங்கள நான் பார்த்ததே இல்லன்னு சொன்னேன். கோவப்படாத."

"சரியாத்தான் சொன்ன."

"இனிமே கெஸ்ட் முன்னால நாங்க தமிழ்ல பேசக்கூடாதாம். பேசவே கூடாதாம். சிரிச்சாப் போதுமாம்." பின்னால் லயத்தில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. "நீ எழுதினத எடுத்துரு டீச்சர். எனக்காக எடுத்துரு."

எடுத்துர்றேன் என்றேன். அவளிடம் எதை வைத்து எதிர்த்துப் பேசுவது? அந்த ஹோட்டல் நிலத்தில் நிற்பதற்கு அவள் என்னைத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிலத்தில்தான் அவளுடைய அப்பாவும் தாத்தாவும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவளுடைய வேலைக்காக நான் எழுதியதை நானே விழுங்க வேண்டியிருந்தது. அந்த ஹோட்டல்காரர்கள் இதற்கு ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. எல்லாவற்றையும் எங்களைக் கொண்டே செய்வித்துக்கொண்டார்கள்.

அழைப்பைத் துண்டித்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன். நான் எழுதியது போனது. அவர்களுடைய வருத்தமும் வரவேற்பும்கூட அதோடு சேர்ந்து போயின. பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து குசினிக்குப் போய், சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைத் தேய்த்தேன். அது முடிந்ததும், காலையில் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தவற்றையும் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். என்ன சத்தம் அது என்று என் கணவர் முன்னறையிலிருந்து கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.